அழவைக்காத நாவல் எது? தடைக்காலத்தில் படித்ததை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: “கடந்த நாலைந்து வருடங்களில் வந்த தமிழ் நாவல்களில் மனதுக்குத் தெம்பு தருவது, நல்ல காதல் கதை, நல்ல சரித்திரக் கதை எதெது? அழவைக்கிற நாவல் வேண்டாம்.”

நான் பாம்பன்காரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நான் கணக்கு எழுதும் மீன் கம்பெனியில் அப்போது எழுதக் கணக்கே இருக்காது. ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் வாங்கி அடுக்கி வைத்ததையெல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் படிப்பேன். கையில் காசு குறைந்து நேரம் நிறைய இருக்கும்போது படித்தவளின் அபிப்பிராயம் இது. அதற்கேற்றபடி கூட்டியோ கழித்தோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சரித்திர நாவல் என்றால் எனக்கு ஒரு பயம் உண்டு. முதல் பக்கத்தில் குதிரை வரும், மூன்றாம் அத்தியாயத்தில் சுரங்கப்பாதை வரும். இளவரசி எந்நேரமும் உப்பரிகையில் நிற்பாளே தவிர, இறங்கி வந்து ஒரு வேலை செய்யமாட்டாள். அந்தப் பயத்தோடுதான் ஜெயமோகனின் ‘குமரித்துறைவி’யை எடுத்தேன். 2021ல் எழுதிய சின்ன நாவல். தெம்பு, சரித்திரம் இரண்டுக்கும் சேர்த்து என் பதில் இதுதான்.

1311ல் மாலிக் காபூர் மதுரைக்குப் படையெடுத்து வந்தார். அதற்குப் பிறகு வந்த குழப்பத்தில் மதுரை மீனாட்சி, குமரிப் பக்கத்தை ஆண்ட வேணாட்டுக்குப் போய் ஆரல்வாய்மொழியில் இருக்கிறாள். பிற்பாடு விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரை சுல்தான்களை வென்றதும் அம்மனைத் திருப்பி அனுப்பவேண்டிய நேரம் வருகிறது. அதற்குள் வேணாட்டுக்காரர்களுக்கு அவள் சொந்த வீட்டுப் பெண்ணாகிவிட்டாள். பெண்ணை வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? முறையாகக் கட்டிக்கொடுத்துத்தான் அனுப்பவேண்டும். அவ்வளவுதான் கதை. வில்லன் கிடையாது. எல்லாம் கல்யாண ஏற்பாடும், யாருக்கு எந்த மரியாதை என்கிற சிக்கலும்தான்.

என் தங்கையைத் தொண்டியில் கட்டிக்கொடுத்த அன்று அப்பா அழவில்லை. அவள் ஏறிய வேன் கிளம்பியதும் பந்தலுக்குப் பின்னால் போய், வாடகைக்கு எடுத்த அண்டாக்களை எண்ணினார். பதினான்கு. திரும்பவும் எண்ணினார். மூன்றாவது தடவை எண்ண ஆரம்பித்தபோது அம்மா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். நாவலில் ராஜா பெண்ணைக் கொடுக்கிற இடம் வந்ததும் எனக்கு ராஜா தெரியவில்லை, அண்டா எண்ணுகிற மனிதர்தான் தெரிந்தார். அழவைக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் கண் கலங்கும்தான், ஆனால் மூடி வைத்த பிறகு சந்தோஷமாக எழுந்துபோய்ச் சோறு வடிப்பீர்கள். ஆரம்பத்தில் வேணாட்டுப் பதவிப் பெயர்கள் வரிசையாக வந்து மிரட்டும். அதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ‘காலா பாணி’. மு. ராஜேந்திரன் எழுதி 2022ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. இதைத் தெம்புக் கணக்கில் சேர்க்க முடியாது. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24ல் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சிவகங்கை மன்னர் பெரிய உடையணத் தேவரோடு சேர்த்து 73 பேரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அவர்களின் கதை இது. எழுதியவர் ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர், சில பக்கங்களில் கோப்பு வாசனை அடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் எங்கள் சீமைச் சரித்திரத்தில் கோட்டையையும் காட்டையும் தாண்டிக் கடலுக்கு வரும் நாவல் அபூர்வம் என்பதால் விடாமல் படித்தேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. வள்ளத்தைக் கரையில் ஏற்றிப் பலகை இடுக்கில் பஞ்சு வைத்து அடித்துக்கொண்டிருந்தவருக்கு வாசித்துக் காட்டினேன். 1802 பிப்ரவரியில் கப்பல் கிளம்பிய கதை வந்ததும் சுத்தியல் நின்றுவிட்டது.

“மாசியிலயா? கெழக்கே போறதுக்கா? வாடைக்காத்து இன்னும் ஓஞ்சிருக்காதே. எதிர்க்காத்துல ஓட்டியிருக்கான். பாய்க்கப்பல்ல ரொம்ப நாளாயிருக்குமே?”

இரண்டு மாதத்துக்கும் மேலே ஆனது என்றேன். தலையை ஆட்டிவிட்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அந்த 73 பேரில் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமியும் ஒருவன், அப்போது அவனுக்கு 15 வயது. வேல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும், வளரி என்கிற வளைதடி வீசவும் கற்றுக்கொண்டவர். 1818ல் துரைச்சாமியைப் பினாங்கில் பார்த்தபோது தனக்கு அடையாளமே தெரியவில்லை என்று தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதையும் அப்பாவிடம் சொன்னேன். அன்றைக்கு அதற்குமேல் வாசிக்க வேண்டாம் என்றுவிட்டார்.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ நாவலையும் பலர் சிபாரிசு செய்வார்கள். 2023ல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. நல்ல நாவல்தான், ஆனால் உங்கள் நிபந்தனைக்குச் சரிவராது, வேறொரு சமயம் படியுங்கள்.

அப்புறம் காதல். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம். இணையத்தில் தொடராக வந்து பிறகு புத்தகமான ஒரு நாவல், கதை ராமேசுவரத்தில் நடக்கிறது என்று ஆசையாக வாங்கினேன். பெயர் வேண்டாம். சென்னையிலிருந்து கோடீசுவர நாயகன் வருகிறான். அக்னி தீர்த்தக் கரையில் ‘ஆளுயர அலை’ வந்து நாயகியை இழுத்துப் போகிறது. அங்கே கடல் குளம் மாதிரி கிடக்கும், பாட்டிகள் தைரியமாக இறங்கி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வரும் இடம். அலைதான் வேண்டுமென்றால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் தனுஷ்கோடிக்குத் தென்கடல் பக்கமாகக் கூட்டிப்போயிருக்கலாம். சரி, காதலுக்காக அலையை மன்னிப்போம். மே மாதத்தில் விசைப்படகில் ஏறி அவளைத் தேடப் போகிறானே, அதை எப்படி மன்னிப்பது? தடைக்காலத்தில் எல்லா விசைப்படகும் கட்டிக் கிடக்கும்.

அதையும்கூட விட்டுவிடலாம். மீனவர் வீட்டுப் பெண் என்று சொல்லப்பட்ட அவள், 400 பக்கத்தில் ஒரு நாள்கூட ஒரு வேலையும் செய்யவில்லை. கடல்பாசி எடுக்கவில்லை, கருவாடு காயப்போடவில்லை, படித்தவள் என்கிறார்கள், படித்த வேலைக்கும் போகவில்லை. அவனைப் பார்த்துக் கோபப்படுவதும் பிறகு முகம் சிவப்பதும்தான் உத்தியோகம். அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியாதவன் அவளைக் காதலிக்கிறான் என்றால் எனக்கு நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. இதற்குப் பதிலாக, ஐம்பதுகளின் சினிமா உலகத்தை ஒட்டி ஜெயமோகன் எழுதிய ‘அந்த முகில் இந்த முகில்’ படித்துப் பாருங்கள். கொஞ்சம் ஏக்கத்தை மிச்சம் வைக்கும், பரவாயில்லை என்றால் எடுக்கலாம்.

ஆனால் என் ரசனையை மட்டும் நம்பவேண்டாம். எங்கள் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்கள் காலையில் ஆடியோ நாவல் கேட்பார்கள். கை ஈரம் என்பதால் போனைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் படகு விளிம்பில் சாய்த்து வைத்திருப்பார்கள். போன வாரம் நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைந்தான், அவள் அழுதுகொண்டே திரும்பி அவனிடமே வந்தாள். என் சின்னம்மா நண்டுக் காலை வலையிலிருந்து உருவிக்கொண்டே, “இவளுக்கு அண்ணன் தம்பி யாருமே இல்லையாடி?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் போனது.

“சரி, அடுத்த பகுதியைப் போடு” என்றார்.