சௌனா ஹீட்டருக்கு வாடகை சீல் வாங்கலாமா?

கேள்வி: மதுரை நாகமலை புதுக்கோட்டையில் சொந்த வீடு. மூட்டுவலிக்காக மாடியில் 6 அடி நீளம், 5 அடி அகலம், 7 அடி உயரத்தில் பைன் பலகை அடித்து சௌனா அறை (சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் அறை) போட்டோம். ஹீட்டர் 6 கிலோவாட். வீட்டு வயரிங் செய்த எலக்ட்ரீஷியன் தம்பியிடமே 62,000 ரூபாய்க்குப் பேசி, 40,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டேன். ஹீட்டரைப் போட்டதுமே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துவிட்டார். இப்போது ஓடுகிறது, ஆனால் அரை மணி நேரத்தில் கருகல் வாடை வருகிறது. லைசன்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் வாரண்டி கிடையாது என்கிறது ஹீட்டர் விற்ற கடை. “தெரிஞ்ச கான்ட்ராக்டர்கிட்ட சீல் வாங்கித் தர்றேன் சார், மூவாயிரம் ஆகும்” என்கிறார் தம்பி. வாங்கலாமா? கொடுத்த பணம் திரும்புமா? முறையான ஆளை எங்கே தேடுவது? அறையைத் தெரிந்தவர்களுக்குக் கட்டணத்துக்கு விடலாமா?

— வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: இதைப் படித்த கையோடு டி.பி. பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) அந்த ஹீட்டரின் எம்.சி.பி.யை (அதிக மின்சாரம் போனால் தானே விழும் சுவிட்ச்) இறக்கி, யாரும் தெரியாமல் ஏற்றிவிடாதபடி டேப் ஒட்டுங்கள். சட்டமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த வாடகை சீலை, அதாவது வேலையைச் செய்யாத கான்ட்ராக்டரின் சீலை, வாங்காதீர்கள். அது தப்பு என்பதைவிட, அது உங்கள் வழக்கையே கொன்றுவிடும் என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது. சீல் போட்ட அந்த டெஸ்ட் ரிப்போர்ட் தாளில் என்ன இருக்கும்? “இந்த வயரிங்கை எங்கள் நிறுவனம் செய்தது, சோதித்தோம், சரியாக உள்ளது” என்று இருக்கும். நாளைக்கு நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், தம்பியின் வக்கீல் அதே தாளை எடுத்து நீட்டுவார்: வேலை செய்தது என் கட்சிக்காரர் இல்லை, இதோ பாருங்கள், மனுதாரரே வாங்கிய சான்று, அதிலும் எல்லாம் சரி என்றுதான் எழுதியிருக்கிறது. சீல் கொடுத்தவரோ, உங்களிடம் ஒரு பைசா வாங்கியதற்கு ரசீது எங்கே என்பார். இருவரும் நழுவ, 3,000 கொடுத்து வழக்கை இழந்தவர் நீங்களாவீர்கள். தீ விபத்து இன்சூரன்ஸ் எடுத்திருந்தால், சர்வேயரும் அந்தத் தாளில் உள்ள ஆளைத்தான் தேடுவார்.

இனி, யார் செய்ய வேண்டிய வேலை இது? மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள், 2023 மூன்று பேரைக் கேட்கின்றன. மாநில அரசின் லைசன்ஸ் பெற்ற மின் கான்ட்ராக்டர்; வேலையை நேரில் மேற்பார்வை பார்க்க, தகுதிச் சான்று பெற்ற சூப்பர்வைசர்; கையால் வேலை செய்ய, அனுமதிச் சான்று பெற்ற வயர்மேன். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற, இணைப்பின் கொள்ளளவை மாற்றாத சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்கு. டி.பி.யிலிருந்து புதிதாக 6 கிலோவாட்டுக்குத் தனி லைன் இழுப்பது அந்த விலக்கில் வராது. தம்பி 15 வருடம் அனுபவம் உள்ளவராக இருக்கலாம், ஐ.டி.ஐ. முடித்தவராகவும் இருக்கலாம். ஆனால் ஐ.டி.ஐ. சான்றிதழ் லைசன்ஸ் ஆகாது. ஜி.எஸ்.டி. பதிவோ உத்யம் (சிறுதொழில்) பதிவோ கூட ஆகாது. பலரும் இவற்றை லேமினேட் செய்து காட்டுவதால் இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்த லைசன்ஸையும் தகுதிச் சான்றையும் கொடுப்பது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிமம் வழங்கும் வாரியம். ஆளைத் தேட உங்கள் பகுதி இ.பி. பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். புது சர்வீஸ் விண்ணப்பங்களோடு டெஸ்ட் ரிப்போர்ட் கொடுக்கும் கான்ட்ராக்டர்கள் யார் யார் என்பது அங்கே தெரியும். அதிலும் வீட்டு வயரிங் மட்டுமே செய்பவரைவிட, வெப்பம் பார்த்தவரைப் பிடியுங்கள். கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் ஓவன், டிரையர் வயரிங் செய்யும் கான்ட்ராக்டருக்கு, ஹீட்டர் பக்கத்தில் எந்த வயர் உருகும் என்று நீங்கள் பாடம் எடுக்க வேண்டியிருக்காது. வந்தவரிடம் லைசன்ஸ் நகலை வாங்கி நான்கு விஷயம் பாருங்கள்: நிறுவனப் பெயர், எந்த கிரேடு, செல்லுபடியாகும் தேதி, அதில் காட்டியுள்ள சூப்பர்வைசர் பெயர். வேலைக்கு வரும் வயர்மேனின் சான்றில் ஃபோட்டோ இருக்கும். ஆளும் ஃபோட்டோவும் ஒன்றா என்று பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். லைசன்ஸ் அண்ணனுடையது, வேலைக்கு வருவது மச்சான் பையன் என்பது நம்மூரில் சகஜம்.

அடுத்து ஆர்.சி.சி.பி. உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அந்தக் கழற்றிய பெட்டிதான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டு இணைப்பில் கசிவு மின்சாரம் 30 மில்லி ஆம்பியரைத் தாண்டும் முன் அறுபட வேண்டும் என்பது விதி. “வெளிநாட்டில் சௌனா ஹீட்டருக்கு இது இல்லாமலும் போடுவார்கள்” என்று தம்பி சொல்லக்கூடும். சௌனா வயரிங்குக்கான ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரம் ஹீட்டர் சர்க்யூட்டுக்கு அப்படி ஒரு தளர்வு தருவது உண்மை. ஆனால் நம் விதி வீட்டு இணைப்புக்கே அந்தப் பாதுகாப்பைக் கேட்கிறது. தவிர, இவர் தரத்தைப் படித்தா கழற்றினார்? விழுந்தது, கழற்றினார்.

அது ஏன் விழுந்தது என்பது சட்டப்படியும் முக்கியம், யார் மேல் வழக்கு என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஹீட்டர் கம்பிச் சுருளைச் சுற்றிக் குழாய்க்குள் அடைத்திருக்கும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் ஆக்சைடு. கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும்போது அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது முதல் சில முறை கசிவு காட்டி ஆர்.சி.சி.பி.யைத் தள்ளும்; காய்ந்ததும் சரியாகிவிடும். எப்படிக் காயவைப்பது என்பது தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். புது கான்ட்ராக்டர் வந்ததும் ஹீட்டர் வயரை மட்டும் கழற்றிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றச் சொல்லுங்கள். நின்றால் சந்தேகம் ஹீட்டர் மேல். ஈரம் போன பிறகும் விழுந்தால் அது பொருளின் குறை, கடைக்காரரும் எதிர்மனுதாரர். ஹீட்டர் இல்லாமலே விழுந்தால் வயரிங்கில் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது வேறு சர்க்யூட்டின் நியூட்ரலோடு கலந்திருக்கிறது. அது முழுக்க தம்பியின் கணக்கு.

கருகல் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் ஹீட்டர் டெர்மினலில் இருக்கும். சாதாரண பி.வி.சி. வயர் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. சௌனா அறைக்குள் தரையிலிருந்து 1 மீட்டருக்கு மேலே பொருத்தும் சாதனம் 125 டிகிரியும், வயரின் உறை 170 டிகிரியும் தாங்க வேண்டும் என்கிறது ஐ.இ.சி. தரம், ஹீட்டரைச் சுற்றி அரை மீட்டருக்குள் ஹீட்டரைச் சேர்ந்தவை தவிர வேறெதுவும் கூடாது. அறைக்குள் பிளக் பாயின்டும் கூடாது. மூடியைத் திறந்தால் சிவப்பு, மஞ்சள், நீல வயர்களின் நுனி ஒரு அங்குலத்துக்குப் பழுப்பேறி, நகத்தால் சுரண்டினால் அப்பளம்போல் உதிரும். திறப்பது கான்ட்ராக்டராக இருக்கட்டும்; நீங்கள் ஃபோட்டோ எடுங்கள். பி.வி.சி. லைன் அறைச் சுவருக்கு வெளியே ஒரு ஜங்ஷன் பாக்ஸோடு நின்று, அங்கிருந்து ஹீட்டருக்கு வெப்பம் தாங்கும் சிலிக்கான் வயர் போவதுதான் முறை. மூன்று ஃபேஸில் 6 கிலோவாட் என்றால் ஃபேஸுக்கு 9 ஆம்பியருக்குள்தான் வரும், 2.5 சதுர மில்லிமீட்டரும் 16 ஆம்பியர் நான்கு துருவ எம்.சி.பி.யும் வழக்கமாகப் போதும், முடிவு கையேட்டைப் பார்த்து. ஒரே ஃபேஸில் கொடுத்திருந்தால் 26 ஆம்பியர். அப்போது 2.5 வயர் சுவருக்குள்ளேயே சூடேறும், 16 எம்.சி.பி. விழும். உடனே 32 எம்.சி.பி. மாட்டி ‘சரி’ செய்திருப்பார்கள். எம்.சி.பி.யின் முகத்தில் என்ன எண் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.

இ.பி. பில்லில் அனுமதித்த பளு எவ்வளவு என்றும் பாருங்கள். ஒற்றை ஃபேஸ் இணைப்பு நம்மூரில் பெரும்பாலும் 4 கிலோவாட் வரைதான். 6 கிலோவாட் ஹீட்டரை அதில் நினைக்கவே கூடாது. மூன்று ஃபேஸாக இருந்து பளு 5 கிலோவாட் என்றிருந்தாலும், பளு உயர்வுக்கு மின் பகிர்மானக் கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்து, கூடுதல் டெபாசிட்டும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டிவிட்டு ஹீட்டரை ஏற்றுங்கள்.

பணம். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். கோபத்தில் பழைய வயரை உருவிப் போட்டுவிட்டு நோட்டீஸ் அனுப்பினால், குறை எங்கே இருந்தது என்று காட்ட எதுவும் மிஞ்சாது. முதலில் புது கான்ட்ராக்டரிடம் ஆய்வு அறிக்கை வாங்குங்கள், அவருடைய லெட்டர்ஹெட்டில், லைசன்ஸ் எண்ணோடு. வயர் அளவு, எம்.சி.பி. எண், ஆர்.சி.சி.பி. இல்லாத டி.பி., எர்த் அளவு, 500 வோல்ட் மெக்கர் சோதனையில் (வயரின் மின்காப்பை அளப்பது) வந்த எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் லைன் தேறவில்லை என்று அர்த்தம். அந்த எண்ணை ஹீட்டரைக் கழற்றிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈர ஹீட்டரின் பழியும் வயர் மேல் விழும். ஃபோட்டோவில் வயர் மேல் அச்சடித்த எழுத்து தெரியட்டும். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, குறிப்பாக அந்த ‘மூவாயிரம்’ செய்தி, எல்லாம் ஃபோனிலேயே இருக்கட்டும், அழிக்காதீர்கள். இவற்றைத் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆதாரத்துக்கான, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றிதழையும் இணைக்க வேண்டும்.

பிறகு தம்பிக்கு நோட்டீஸ், ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையோடு. 15 நாள் கெடு கொடுத்து, ‘லைசன்ஸ் உள்ளவர் மூலம் சரிசெய்யும் செலவைக் கொடு, அல்லது 40,000-ஐத் திருப்பு’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். ஹீட்டர் கடை வெளியூர் என்றாலும் அங்கே அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ‘எனக்கு லைசன்ஸே இல்லை, நான் எப்படிப் பொறுப்பு’ என்று தம்பி தப்பிக்க முடியாது. காசு வாங்கிச் செய்த சேவையில் குறை இருந்தால் பொறுப்புத்தான். ஆனால் லைசன்ஸ் கேட்காமலே வேலையைக் கொடுத்தது நீங்கள் என்ற கேள்வியும் வரும். அதனால் மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் கேட்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். கொடுத்த பணமும், ரசீது உள்ள சீரமைப்புச் செலவும், வழக்குச் செலவும் நியாயமான எதிர்பார்ப்பு.

காவல் நிலையம் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தோன்றும். லைசன்ஸ் இருக்கிறது என்று பொய் சொல்லியோ போலிச் சான்று காட்டியோ பணம் வாங்கியிருந்தால் மோசடிப் புகார் நிற்கும். வெறும் மோசமான வேலைக்கு நிற்காது, சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) போட்டு, கூப்பிட்டுப் பேசி அனுப்புவார்கள்.

புது ஆளோடு பேசும்போது எழுத்தில் பேசுங்கள். பெரிய ஒப்பந்தம் வேண்டாம், இரண்டு பக்க வேலை உத்தரவு போதும்: வயரின் வகையும் அளவும், ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், பலகை மூடுமுன் ஃபோட்டோ, முடிந்ததும் அவர் பெயரிலேயே டெஸ்ட் ரிப்போர்ட். முன்பணம் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். 20 சதவீதத்தை, ரிப்போர்ட் கைக்கு வந்து, ஹீட்டர் முழுச் சூட்டில் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் (வயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கருவி) மூன்று ஃபேஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டிய பிறகு கொடுங்கள். பணம் லைசன்ஸில் உள்ள நிறுவனத்தின் கணக்குக்குப் போகட்டும். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவரும் பணம் வாங்கியவரும் ஒருவராக இருந்தால் வாரண்டிக்குக் கடைக்காரரிடமும் பேச்சு எழாது.

கட்டணத்துக்கு விடுவது பற்றி: வீட்டு இணைப்பில் வேண்டாம். அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறொன்றுக்கு மின்சாரம் பயன்படுத்தினால் மின்சாரச் சட்டம், 2003-ன் 126-ம் பிரிவில் அதற்குரிய கட்டண விகிதத்தைப் போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள். மேல்முறையீடு செய்ய 30 நாள்தான், அதுவும் பாதித் தொகையைக் கட்டிவிட்டு. சொந்தக்காரர்கள் வந்து காசில்லாமல் உட்கார்ந்து வியர்த்துவிட்டுப் போவதற்குத் தடையில்லை.