தட்டி எழுப்பும் மிஸ்ஸோடு சண்டை வேண்டாம்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஒப்பரேஷன் செய்தார்கள். இரண்டு நாளாக நோவில் துடித்தவ, மோர்பின் ஊசி போட்டதும் குறட்டை விட்டு நித்திரையானா. அந்த நேரம் பார்த்துத் தாதி மணிக்கொருதரம் வந்து தட்டி எழுப்பி, பேரென்ன, நோகுதா என்று கேட்டா. 'பாவம், படுக்க விடுங்க மிஸ்' என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். நான் செய்தது பிழையா? பக்கத்துக் கட்டில்காரர், 'அது கென்சருக்குக் கடைசியில போடுற மருந்து, பழகினா விடாது' என்று பயம் காட்டுகிறார். அம்மா வீட்டில் பாவிக்கும் நித்திரைக் குளிசை என் கைப்பையில் இருக்கிறது. அதையும் கொடுக்கலாமா?
– ஒரு மகள், களுவாஞ்சிக்குடி

பதில்: மகள், முதலில் அந்தக் கைப்பை. குளிசையைக் கொடுக்கவே வேண்டாம். அப்படியே கொண்டுபோய்த் தாதியிடம் காட்டி, 'அம்மா வீட்டில இதக் குடிக்கிறவ' என்று சொல்லுங்கள். டிக்கெட்டில் எழுதிக்கொள்வார்கள். மோர்பின் மூச்சை மெதுவாக்கும். நித்திரைக் குளிசையும் சேர்ந்தால் அது இரட்டிப்பு ஆபத்து. தடிமன், அலர்ஜிக்கென்று கடையில் வாங்கும், நித்திரை வரவைக்கும் குளிசைகளும் அப்படித்தான். சாராயத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இனி உங்கள் சண்டை. நீங்கள் கோபப்பட்டது பாசத்தில். ஆனால் அந்த மிஸ் செய்ததுதான் சரி. மோர்பின் கூடிப்போனால் பெரும்பாலும் மூச்சு திடீரென்று நின்றுவிடுவதில்லை. முதலில் நித்திரை ஆழமாகும், பிறகுதான் மூச்சு குறையும். அந்த முதல் படியில் பிடிப்பதற்காகத்தான் தட்டி எழுப்புகிறார்கள். கண்ணைத் திறந்து, 'களுவாஞ்சிக்குடி' என்று ஊர்ப்பேரைத் தெளிவாகச் சொன்னால் நல்லது. பாதிச் சொல்லில் மறுபடி கண் செருகினால், அடுத்த ஊசிக்கு முன் டொக்டரைக் கூப்பிட வேண்டும்.

குறட்டையைக் கேட்டு நிம்மதிப்படாதீர்கள். நானும் ஒருதரம் நிம்மதிப்பட்டவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அம்பாறைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு ட்யூட்டி. வெள்ளாமை வெட்டுக் காலம். வட்டையில் ட்ரக்டர் கவிழ்ந்து கால் முறிந்த பொடியன் ஒருவன். ஊசி போட்டாயிற்று. 'இப்பதான் கண்ணயர்ந்தான், எழுப்பாதீங்க புள்ள' என்றார் தகப்பன். நானும் கடந்து போய்விட்டேன். அரை மணித்தியாலம் கழித்து வந்து டோர்ச் அடித்தால், குறட்டை விட்டு விட்டுக் கேட்கிறது. உதட்டை விலக்கிப் பார்த்தேன், உட்பக்கம் நீலம். மூச்சை எண்ணினேன்: நிமிடத்துக்கு 6. கண்மணி ஊசிமுனை மாதிரி. மோர்பினை முறிக்கும் மருந்தான நலொக்சோன் ஏற்றியதும் ஓரிரு நிமிடத்தில் கண்ணை முழித்து, காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். அந்த அலறலைக் கேட்டு அன்றைக்கு நான் சந்தோசப்பட்டேன். ஆனால் நலொக்சோனின் பலம் ஒரு மணித்தியாலமளவில் குறைந்துவிடும், மோர்பின் அதைவிட நீளம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் பொடியன் மறுபடி மயங்கத் தொடங்கினான். விடியும்வரை அவன் கட்டிலடியை விட்டு நான் அசையவில்லை. விபத்துக்கு முன் கசிப்பு குடித்திருந்தான் என்பதைத் தகப்பன் காலையில்தான் சொன்னார்.

ஆகவே துணைக்கு நிற்கும்போது அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை வழமை. 10க்குக் கீழே போனாலோ, குறட்டை இடையில் நின்று நின்று வந்தாலோ, கூப்பிட்டுத் தோளைத் தட்டியும் எழும்பாவிட்டாலோ, உடனே தாதியைக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஒட்சிசன் அளக்கும் கருவியை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மூக்கில் ஒட்சிசன் போய்க்கொண்டிருந்தால், மூச்சு குறைந்த பிறகும் அது கொஞ்ச நேரம் நல்ல எண்ணைத்தான் காட்டும்.

முதல் 24 மணித்தியாலம்தான் கூடுதல் கவனம். அம்மாவின் வயதுக்காரருக்கும், எப்போதும் குறட்டை விடுகிறவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும் கொஞ்ச மருந்தே கூடிப்போகலாம். சிறுநீரகம் வேலை செய்யாவிட்டால் மோர்பினின் கழிவு உடம்பிலேயே தங்கி நித்திரையை நீட்டிக்கொண்டே போகும். தெஹியத்தகண்டியப் பக்கத்துச் சிறுநீரக வருத்தக்காரருக்கும், பல வருசச் சீனி வருத்தத்தால் சிறுநீரகம் பழுதானவருக்கும் டொக்டர்மார் மருந்தை மாற்றுவது அதற்காகத்தான். அம்மாவுக்குச் சீனி இருந்தால் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பக்கத்துக் கட்டில்காரரின் கதையை விடுங்கள். கடைசி மருந்து என்று ஒன்றும் இல்லை; கடும் நோவுக்கு மருந்து, அவ்வளவுதான். ஒப்பரேஷனுக்குப் பிறகு சில நாள், டொக்டர் சொன்ன அளவில் எடுத்தால் பழக்கமாவது அரிது. பயந்து வேண்டாமென்றால் நோவு அம்மாவை இருமவும் விடாது, கால் அசைக்கவும் விடாது. சளி கட்டி நியுமோனியாவாகலாம், காலில் இரத்தம் உறையலாம். வயதானவர்களுக்கு அதுதான் பெரிய கண்டம்.

மூன்றாம் நாளளவில் அம்மா வயிறு போகவில்லை என்று முனகுவா. மோர்பின் மலச்சிக்கலைத் தரும். கதலிப்பழம் மட்டும் போதாது, வயிறிளக மருந்து கேளுங்கள். தலை சுற்றும், அதனால் மலசலகூடத்துக்குத் தனியே விடாதீர்கள்.

இந்தப் பதில் அச்சில் வரும்போது அம்மா வீட்டுக்கு வந்திருப்பா. ட்ரமடோல் போன்ற நோவுக் குளிசை தந்து விட்டிருந்தால், மெதுவாகக் கரையும் வகையை உடைத்தோ பொடியாக்கியோ கொடுக்க வேண்டாம். பல மணித்தியாலத்துக்கான மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் அலுமாரியில் பூட்டி வையுங்கள். அடுத்த வீட்டு மாமி முழங்கால் நோவென்று ஒன்று கேட்டு வந்தாலும் கொடுத்துவிடாதீர்கள். மிச்சமானதைக் கிளினிக் நாளில் கொண்டுபோய், என்ன செய்வதென்று பாமசியில் கேளுங்கள். போகிற வழியில் வாட்டுக்கும் ஒரு எட்டு ஏறி, நீங்கள் சத்தம் போட்ட அந்த மிஸ் ட்யூட்டியில் இருக்கிறாவா என்று பாருங்கள்.