பகடை மேசையில் எந்தப் பந்தயத்துக்கு என்ன விலை?

கேள்வி: நான் பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன், ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். அடுத்த மாதம் ஒரு மாநாட்டுக்காக அலுவலகக் குழுவோடு லாஸ் வேகஸ் செல்கிறேன். உடன் வரும் மூத்த பணியாளர் ஒருவர், ஒரு மாலையாவது ‘கிராப்ஸ்’ என்னும் பகடை ஆட்டத்தை ஆடியே ஆகவேண்டும் என்கிறார். அதில் ‘ஆட்ஸ்’ என்ற பந்தயத்தில் கேசினோவுக்கு ஒரு காசும் லாபம் இல்லை, ஆகவே கையில் உள்ளதையெல்லாம் அதில் வைக்கலாம் என்றும், வெகுநேரம் 7 விழாமல் இருந்தால் அதன்மேல் பணம் வைத்துக் காத்திருந்தால் போதும் என்றும் சொல்கிறார். மேசையின் படத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அவர் சொல்வது சரியா? இங்கிருந்தே கைப்பேசியில் பணம் வைத்துப் பழகிக்கொள்ளலாமா?
— வாசகி, அல்சூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மூத்த பணியாளர் சொன்னவற்றில் முதலாவது பாதி உண்மை, இரண்டாவது முழுப் பிழை. அந்தப் பாதி உண்மையில்தான் ஆபத்து அதிகம் என்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வீட்டில் தாயக்கட்டை உருட்டியிருப்பீர்களானால் இந்த ஆட்டத்தின் அடிப்படை உங்களுக்கு முன்பே தெரியும். வெறுமை, 1, 2, 3 எனக் குறியிட்ட இரண்டு கட்டைகள் மொத்தம் 16 விதமாக விழலாம். அவற்றில் மூன்று விழ நான்கு வழிகள் உண்டு, தாயம் விழ இரண்டே வழிகள்தான். தாயத்துக்காக நாம் காத்துக்கிடப்பது அதனால்தான். கிராப்ஸ் மேசையில் ஆறு பக்கப் பகடைகள் இரண்டு உருட்டப்படுவதால் 36 விதங்கள் ஆகின்றன. கூட்டுத்தொகை 7 வர ஆறு வழிகள். 6 அல்லது 8 வர ஒவ்வொன்றுக்கும் ஐந்து. 5, 9 ஆகியவற்றுக்கு நான்கு. 4, 10 ஆகியவற்றுக்கு மூன்று. 3, 11 ஆகியவற்றுக்கு இரண்டு. 2, 12 ஆகியவற்றுக்கு ஒன்றே ஒன்று. அல்சூரில் மெட்ரோ ஏறி ஒயிட்ஃபீல்டில் இறங்குவதற்குள் இந்த 36 கட்டங்களையும் ஒரு தாளில் உங்கள் கையாலேயே எழுதிப் பார்த்துவிடலாம். அப்படி எழுதிப் பார்த்தவருக்கு அந்த மேசையில் புரியாதது என்று பெரிதாக எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு பந்தயத்திலும் பகடையின் கணக்குப்படி உங்களுக்கு வரவேண்டிய தொகை ஒன்று, மேசை தரும் தொகை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியே நீங்கள் கொடுக்கும் விலை, அதுவே கேசினோவின் வருமானம்.

முதலில் அடிப்படைப் பந்தயமான ‘பாஸ் லைன்’. பகடை உருட்டுபவரை ஷூட்டர் என்கிறார்கள். அவருடைய முதல் உருட்டலுக்கு முன் நீங்கள் பாஸ் லைனில் சிப்பை, அதாவது பணத்துக்கு ஈடான வில்லையை, வைக்கிறீர்கள். 7 அல்லது 11 விழுந்தால் உடனே வெற்றி. 2, 3, 12 இவற்றில் ஒன்று விழுந்தால் உடனே தோல்வி. மற்ற எண் எது விழுந்தாலும் அது ‘பாயின்ட்’ ஆகிறது. அதன் பிறகு அந்த எண் மறுபடி விழுந்தால் வெற்றி, அதற்கு முன் 7 விழுந்தால் தோல்வி. முதல் உருட்டலில் நமக்கு நன்மை செய்த 7, பாயின்ட் நின்றவுடன் நமக்கு எதிரியாகிவிடுகிறது என்பதை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். புதிதாக வருபவர்கள் குழம்புவது இந்த ஓர் இடத்தில்தான்.

இதன் விலையைக் கணக்கிட, பின்னம் வராதபடி 1980 ஆட்டங்கள் நடந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் உருட்டலிலேயே 440 வெற்றிகளும் 220 தோல்விகளும் வரும். 4 பாயின்ட் ஆவது 165 முறை. 4 விழ மூன்று வழிகளும் 7 விழ ஆறு வழிகளும் இருப்பதால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முறை, நாம் வெல்வோம். 10-க்கும் அதே 55. பாயின்ட் 5 ஆனாலும் 9 ஆனாலும் 220-இல் 88 வெற்றி. 6 ஆனாலும் 8 ஆனாலும் 275-இல் 125 வெற்றி. எல்லாவற்றையும் கூட்டினால் 976 வெற்றி, 1004 தோல்வி. வித்தியாசம் 28, நூற்றுக்கு ஏறத்தாழ 1.41. கேசினோவில் புதியவர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய பந்தயங்களில் இது மலிவானவற்றில் ஒன்று.

இதற்கு நேர் எதிரானது ‘டோன்ட் பாஸ்’. பாஸ் லைன் தோற்கும் இடத்தில் இது வெல்ல வேண்டும். அப்படியே விட்டால் 1004-க்கு 976 என்று ஆட்டக்காரரின் கை ஓங்கி, கேசினோ நட்டத்தில் ஓடும். ஆகவே முதல் உருட்டலில் 12 விழுந்தால் இந்தப் பந்தயத்துக்கு வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்திருக்கிறார்கள். 1980 ஆட்டங்களில் 12 விழுவது 55 முறை. அந்த 55 வெற்றிகளை எடுத்துவிட்டால் 949 வெற்றி, 976 தோல்வி, நூற்றுக்கு 1.36 மீண்டும் கேசினோவின் பக்கம் வந்துவிடுகிறது. 36 கட்டங்களில் ஒன்றே ஒன்றை ஒதுக்கி ஒரு பந்தயத்தின் முகத்தையே திருப்பிவிட்ட இந்த ஏற்பாட்டை நான் வியந்து படித்திருக்கிறேன். மேசையில் உள்ள ஒவ்வொரு சிறு விதியும் ஏதோ ஒரு கணக்குக்காகவே எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பாயின்ட் நின்ற பிறகு பாஸ் லைன் சிப்பைத் திரும்ப எடுக்கக் கூடாது, ஆனால் டோன்ட் பாஸ் சிப்பை எடுத்துக்கொள்ளலாம் என்ற விதிக்கும் இதே காரணம்தான்: பாயின்ட் நின்றபின் முன்னது உங்களுக்குப் பாதகம், பின்னது உங்களுக்குச் சாதகம். எடுத்துக்கொள்ளச் சொல்லி அனுமதி தரும் இடத்தில் எடுக்காமல் இருப்பதே அறிவுடைமை.

இனி, ஆட்ஸ். பாயின்ட் நின்ற பிறகு உங்கள் பாஸ் லைன் சிப்புக்குப் பின்னால் கூடுதலாக வைக்கும் பந்தயம் இது. பாயின்ட் 4 அல்லது 10 என்றால் ஒன்றுக்கு இரண்டு தருவார்கள். 5 அல்லது 9 என்றால் இரண்டுக்கு மூன்று. 6 அல்லது 8 என்றால் ஐந்துக்கு ஆறு. நீங்கள் எழுதிய 36 கட்டங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 4 விழ மூன்று வழிகள், 7 விழ ஆறு வழிகள்; ஒன்றுக்கு இரண்டு தருவது துல்லியமாக நியாயமான தொகை. மற்ற எண்களுக்கும் அப்படியே. ஆகவே இந்தப் பந்தயத்தில் கேசினோவின் சாதகம் பூஜ்யம் என்று உங்கள் நண்பர் சொன்னது முற்றிலும் சரி.

அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு. பாஸ் லைனில் 10 டாலர் வைத்தால் சராசரியாக நீங்கள் இழப்பது 14 சென்ட். ஆட்ஸில் 10 டாலர் வைத்தாலும் 50 டாலர் வைத்தாலும் அந்த 14 சென்ட் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை; மொத்தப் பந்தயம் பெரிதாவதால் சதவீதம் மட்டும் சிறிதாகத் தெரிகிறது. பல மேசைகளில் மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என ஓர் உச்சவரம்பு உண்டு: பாஸ் லைனில் 10 டாலர் வைத்தவர் 4, 10-க்கு 30 டாலரும், 5, 9-க்கு 40 டாலரும், 6, 8-க்கு 50 டாலரும் ஆட்ஸாக வைக்கலாம். எந்தப் பாயின்ட் ஆனாலும் வென்றால் ஆட்ஸுக்குச் சரியாக 60 டாலர் கிடைக்கும். இப்படி முழு அளவு வைத்து ஆடினால் சதவீதக் கணக்கில் கேசினோவின் சாதகம் 0.37-க்கு இறங்கிவிடும். ஆனால் 10 டாலர் மட்டும் பறிபோக வேண்டிய ஒரு தோல்வியில் இப்போது பாயின்ட்டைப் பொறுத்து 40 முதல் 60 டாலர் வரை பறிபோகும். நியாயமான பந்தயம் என்றால் நெடுங்காலத்தில் யாருக்கும் லாபம் இல்லை என்று மட்டுமே பொருள். ஒரு மாலைப்பொழுது நெடுங்காலம் ஆகாது. 200 டாலரோடு நிற்கும் ஒருவர் மூன்று நான்கு பாயின்ட்களைத் தொடர்ந்து இழப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். கையில் இருப்பது அதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே என் அறிவுரை: நீங்கள் எப்படியும் 20 டாலர் வைத்து ஆடுவீர்கள் என்றால், 20-ஐயும் பாஸ் லைனில் வைக்காமல், மேசையின் குறைந்தபட்சத் தொகை 10 டாலராக இருக்கும்போது 10-ஐ பாஸ் லைனிலும் 10-ஐ ஆட்ஸிலும் வையுங்கள். ஆட்ஸின் சரியான பயன் இது ஒன்றுதான். சாதகம் இல்லை என்பதற்காக வைக்க எண்ணாத பணத்தை எடுத்து அதில் வைப்பது சிக்கனம் ஆகாது.

மேசையின் மற்றப் பகுதிகளை விரைவாகவே சொல்லிவிடலாம். 6 அல்லது 8-இன் மேல் நேரடியாக வைக்கும் ‘பிளேஸ்’ பந்தயம் ஆறுக்கு ஏழு தருகிறது. சாதகம் நூற்றுக்கு 1.52, பொறுத்துக்கொள்ளலாம். அதையே 5 அல்லது 9-இல் வைத்தால் சாதகம் நூற்றுக்கு 4; 4 அல்லது 10-இல் வைத்தால் 6.67. ‘ஃபீல்ட்’ என்னும் பகுதி பார்வைக்குத் தாராளமானது. 2, 3, 4, 9, 10, 11, 12 என்று ஏழு எண்கள் நமக்காக நிற்கின்றன. எண்களை எண்ணாமல் வழிகளை எண்ணினால் 16 நமக்கு, 20 கேசினோவுக்கு. 2-க்கும் 12-க்கும் இரட்டிப்பாகத் தந்தபிறகும் நூற்றுக்கு 5.56 போகிறது, இரண்டில் ஒன்றுக்கு மூன்று மடங்கு தரும் மேசையானால் அது பாதியாகும்.

மேசையின் நடுவே வண்ணமயமாக வரையப்பட்டிருக்கும் பந்தயங்களை நீங்கள் தொடவே வேண்டாம். 7-உம், வேறு வகையில் 8-உம் விழுவதற்கு முன் நான்கு நான்காக 8 விழும் என்று வைக்கும் ‘ஹார்ட் எயிட்’ நியாயப்படி ஒன்றுக்குப் பத்து தர வேண்டியது. ஒன்பதுதான் தருகிறது, சாதகம் 9.09. அடுத்த உருட்டலிலேயே 12 விழும் என்று வைப்பதற்கு ஒன்றுக்கு 35 தர வேண்டும். பொதுவாகத் தருவது 30.

இப்போது உங்கள் நண்பரின் இரண்டாவது யோசனை. அடுத்த உருட்டலில் 7 விழும் என்று வைக்கும் பந்தயத்துக்கு ‘எனி செவன்’ என்று பெயர், அதுவும் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. 36 முறை ஒவ்வொரு டாலராக வைத்தால் ஆறு முறை வென்று 24 டாலர் பெறுவீர்கள், 30 முறை தோற்று 30 டாலர் இழப்பீர்கள். ஆறில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 16.67, கேசினோவுக்குப் போகும். வெகுநேரம் 7 விழவில்லை என்பதால் இந்தக் கணக்கு இம்மியும் மாறாது, ஏனெனில் முன்பு என்ன விழுந்தது என்பது பகடைக்குத் தெரியாது. பத்து உருட்டல்களில் ஒருமுறைகூட 7 விழாமல் போவது அதிசயமும் அல்ல. நூற்றுக்குப் பதினாறு முறை அப்படித்தான் நடக்கும். 2009-இல் அட்லாண்டிக் சிட்டியின் போர்காட்டா கேசினோவில் ஒரு பெண்மணி, தம் முறையை முடித்துவைக்கும் 7 விழுவதற்குள், நான்கு மணி நேரத்துக்கும் மேலாக 154 உருட்டல்களை நிகழ்த்தினார். ‘இனி எப்படியும் வந்துதானே ஆகவேண்டும்’ என்று ஒவ்வொரு உருட்டலுக்கும் 7-இன் மேல் பணம் வைத்து ஒருவர் அங்கே நின்றிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

வித்தியாசத்தைப் பணமாகவே சொல்கிறேன். ஒரு மாலையில் 30 பாஸ் லைன் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 டாலர் என்றால், சராசரி இழப்பு நான்கு டாலரைச் சற்றே தாண்டும். அதே மாலையில் 100 உருட்டல்களுக்கும் 10 டாலராக எனி செவனில் வைத்தால் சராசரி இழப்பு 166 டாலருக்கு மேல். மேசை ஒன்று, பகடை ஒன்று. பந்தயம் மட்டுமே வேறு.

சராசரி என்பது வாக்குறுதி அல்ல என்பதால், நான்கு டாலர்தானே என்று எண்ணிச் செல்லாதீர்கள். பாஸ் லைன் மட்டும் ஆடினாலும் ஒரு மாலையில் 100 டாலர் இழக்க நேரலாம். போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய ஒரு தொகையை ரொக்கமாகத் தனியே எடுத்துச் செல்லுங்கள், அட்டையை அறையிலேயே வைத்துவிடுங்கள். ஆட மனமில்லை என்றால் ஆட வேண்டிய கட்டாயமும் இல்லை. சக பணியாளர்களோடு மேசையருகே நின்று பார்ப்பதில் யாருக்கும் மனக்குறை வராது, அப்படி வந்தால் அது அவர்களுடைய குறை. ஆடுவதானால், பணத்தை டீலரின், அதாவது மேசையை நடத்தும் ஊழியரின், கையில் கொடுக்காமல் மேசைமேல் வைக்க வேண்டும், அவர் சிப்பாக மாற்றித் தருவார். பகடை உங்களிடம் வந்தால் ஒரே கையால் எடுத்து, எதிர்ச்சுவரில் படும்படி உருட்ட வேண்டும். அந்தச் சுவரில் கூம்பு கூம்பாக ரப்பர் பதித்திருப்பது பகடை தாறுமாறாகத் தெறிப்பதற்காகவே. கைப்பழக்கத்தால் எண்ணை வரவழைக்கலாம் என்று யாராவது கற்றுத்தர முன்வந்தால் நம்ப வேண்டாம்.

கைப்பேசியில் பணம் வைத்துப் பழகும் எண்ணத்தைக் கைவிடுங்கள். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியுள்ளது. அதையும் மீறி அழைக்கும் செயலிகளிடம் உங்கள் வங்கிக் கணக்கைக் காட்டுவது பகடை ஆடுவதைவிடப் பெரிய ஆபத்து. பழகுவதற்கு அவை தேவையும் இல்லை. பரமபதப் பெட்டியிலோ லூடோ பெட்டியிலோ இருக்கும் பகடைகள் இரண்டை எடுத்துக்கொண்டு, புளியங்கொட்டைகளைச் சிப்பாக வைத்து, பாஸ் லைனும் ஆட்ஸும் மட்டும் சில மாலைகள் வீட்டில் ஆடிப் பாருங்கள். வென்றது எத்தனை, தோற்றது எத்தனை என்று ஒவ்வொரு நாளும் குறித்துவைத்து, அந்தக் குறிப்பை உங்கள் மூத்த பணியாளரிடமும் புறப்படும் முன் காட்டுங்கள்.