கிளிநொச்சி இணையக் கடைக்கு குக்கீ அனுமதிப் பெட்டி தேவையா?

பனங்கட்டியும் ஒடியல் மாவும் விற்கும் உங்கள் தளத்துக்கு, குக்கீ (வருபவரின் உலாவியில் தளம் சேமித்து வைக்கும் சிறு குறிப்பு) போட அனுமதி கேட்கும் பெட்டி வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரான்சிலும் ஜேர்மனியிலும் இருக்கும் எங்கள் சனத்துக்கு விற்பதென்றால், 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வன்னியில் இருக்கும் கடையையும் கட்டுப்படுத்தும். ஆனால் கூடையில் போட்ட பொருளை நினைவில் வைக்கும் குக்கீக்கு அனுமதி கேட்கத் தேவையில்லை. விளம்பரத்துக்காக ஆளைப் பின்தொடரும் குக்கீக்குக் கட்டாயம் அனுமதி வேண்டும், அதுவும் அதைப் போடுவதற்கு முன்பே. ஏற்கெனவே சரி போட்டு வைத்த கட்டம் அனுமதியாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துவிட்டது. 'மறுக்கிறேன்' பொத்தானை ஒளித்து வைப்பதும் எனக்குத் துளியும் பிடிக்காது, அது வாங்க வருபவரை ஏமாற்றும் வேலை. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. விளம்பரமே போடவில்லையென்றால் பின்தொடரும் நிரலைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அப்புறம் கூடைக் குக்கீ மட்டுமே மிஞ்சினால் பெட்டியே தேவைப்படாது.