பேப்பர் போடுறதுக்கு முன்னாடி: நோட்டீஸ் பீரியட் பத்தி கேட்டதும் சொன்னதும்

நான் 19 வருஷமா எச்ஆர். முதல்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபேக்டரி, அப்புறம் ஐடி, இப்போ சின்ன கம்பெனிகளுக்கு பேரோல் பார்த்துக் கொடுக்கறேன். வக்கீல் கிடையாது, அதை முதல்லயே சொல்லிடறேன். வேலையை விடுறவங்க கையெழுத்து போடுற டேபிளுக்கு எதிர்ப்பக்கம் உக்காந்து பார்த்ததுலதான் பதில் சொல்றேன். பேப்பர் போடுறதுன்னா ராஜினாமா குடுக்கறது, நோட்டீஸ் பீரியட்னா அதுக்கப்புறம் கடைசி நாள் வரைக்கும் வேலை பார்க்க வேண்டிய காலம். கேளுங்க.

கேள்வி: அக்கா, துரைப்பாக்கம்ல டெஸ்டிங் வேலை. புது கம்பெனியில செலக்ட் ஆயிட்டேன், ஃபோன்ல கன்ஃபர்ம் பண்ணிட்டாங்க, லெட்டர் அடுத்த வாரம் வரும்னாங்க. எனக்கு 90 நாள் நோட்டீஸ், அவங்க 30 நாள்ல வரணும்னு நிக்கறாங்க. இன்னைக்கே பேப்பர் போட்டுடவா?

பதில்: போடாதீங்க தம்பி. ஃபோன்ல சொன்னது ஆஃபர் இல்ல. கம்பெனி லெட்டர், அதுல சம்பளம், ஜாயினிங் தேதி, இது மூணும் கைக்கு வந்தப்புறம் போடுங்க, ஒரு வாரம் லேட் ஆனா குடி முழுகிடாது. ஃபோன் பேச்சை நம்பி பேப்பர் போட்டுட்டு ரெண்டு பக்கமும் இல்லாம மாசக்கணக்குல வீட்ல உக்காந்தவங்களை நிறைய பார்த்துட்டேன்.

அடுத்தது 90க்கும் 30க்கும் நடுவுல இருக்குற 60 நாள். உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்து அந்த ஒரு பாராவை மட்டும் நிதானமா படிங்க. பை-அவுட் (மீதி நோட்டீஸ் நாளுக்கு பணம் கட்டிட்டு முன்னாடியே கிளம்பறது) உண்டா, அது உங்க இஷ்டமா இல்ல கம்பெனி ஒத்துக்கிட்டாதானா, பணம் பேசிக்ல (அடிப்படைச் சம்பளம்) கணக்கா, கிராஸ்லயா (அலவன்ஸ் எல்லாம் சேர்ந்தது). இது பெரிய வித்தியாசம். பேசிக் 30,000, கிராஸ் 75,000 இருக்கறவருக்கு ரெண்டு மாச பை-அவுட் ஒரு கணக்குல 60,000, இன்னொரு கணக்குல ஒன்றரை லட்சம். புது கம்பெனி அதை நாங்க குடுத்துடறோம்னு சொன்னா மெயில்ல வாங்கிக்கங்க, அந்தப் பணம் உங்க சம்பளத்தோட சேர்ந்து டாக்ஸ் பிடிப்பாங்கங்கறதும், ஒரு வருஷத்துக்குள்ள விட்டா திருப்பிக் கேட்பாங்கங்கறதும் அந்த லெட்டர்ல பொடி எழுத்துல இருக்கும். கம்பெனி நோட்டீஸ் பணத்துக்கு மேல ஜிஎஸ்டின்னு 18 சதவீதம் சேர்த்துக் கேட்டா குடுக்க வேணாம், அதுக்கு ஜிஎஸ்டி கிடையாதுன்னு 2022 ஆகஸ்ட்லயே சர்க்குலர் வந்துருச்சு.

இன்னொண்ணு, மார்ச் ஏப்ரல்ல இருக்கறவங்களுக்கு. வேரியபிள் பே (வேலை எப்படி பார்த்தீங்கன்னு பார்த்து தர்ற பணம்) அக்கவுன்ட்ல விழுந்தப்புறம் பேப்பர் போடுங்க. நோட்டீஸ்ல இருக்கறவங்களுக்கு வேரியபிள் கிடையாதுன்னு நிறைய கம்பெனி பாலிசியிலயே எழுதி வச்சிருக்கும்.

கேள்வி: நான் மெயில் போட்டு மூணு வாரம் ஆச்சு மேடம், மேனேஜர் போர்ட்டல்ல அக்செப்ட் பண்ணவே மாட்டேங்கறார். அவர் அக்செப்ட் பண்ற நாள்லேர்ந்துதான் 60 நாள் ஆரம்பிக்கும்னு டீம்ல சொல்றாங்க, உண்மையா?

பதில்: இல்ல. நீங்க எழுத்துல சொன்ன நாள்தான் கணக்கு. ஜூன் 10ஆம் தேதி மெயில் போனா 60 நாள் ஆகஸ்ட் 9ல முடியுது, நடுவுல வர்ற சனி ஞாயிறு எல்லாம் சேர்த்துதான். மேனேஜர் அக்செப்ட் பட்டனை அமுக்காம இருக்கறது பழைய வித்தை, ஆள் மனசு மாறுவான்னு இழுப்பாங்க. அதனாலதான் எல்லார்கிட்டயும் சொல்றேன், போர்ட்டல்ல போடுறது தனி, மெயில் தனி, மெயில்ல எச்ஆரை சேர்த்து, "என்னோட கடைசி வேலை நாள் இது"ன்னு தேதியை நீங்களே எழுதிடுங்க. அந்த மெயிலை மட்டும் உங்க சொந்த ஐடிக்கு ஒரு காப்பி வச்சுக்கங்க, ஏன்னா லாகின் ஒரு நாள் காலையில வேலை செய்யாது.

நோட்டீஸ்ல லீவு போட்டா அத்தனை நாள் தள்ளிப்போகும்னு பல இடத்துல வச்சிருக்காங்க. தங்கச்சி கல்யாணம் மாதிரி ஏதாவது நடுவுல இருந்தா முதல் நாளே சொல்லி எழுதி வாங்கிடுங்க.

கேள்வி: நோட்டீஸே குடுக்காம நாளைலேர்ந்து போகலைன்னா என்ன ஆகும்? போலீஸ் கேஸ்னு மிரட்டறாங்க.

பதில்: போலீஸ் எல்லாம் வராது. யாரையும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போட முடியாது, 1963ல வந்த ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்திலயே அது இருக்கு. கம்பெனியால, தனக்கு நஷ்டம்னு சொல்லி பணம்தான் கேட்க முடியும், அதாவது அந்த நோட்டீஸ் சம்பளம். லேப்டாப்பை திருப்பிக் குடுக்காம வச்சிருந்தா மட்டும் கதை வேற.

ஆனா சட்டம் ஒண்ணும் பண்ணாதுங்கறதால நஷ்டம் இல்லைன்னு நினைக்காதீங்க. சிஸ்டம்ல அப்ஸ்காண்டிங்னு (சொல்லாம காணாமப் போனவர்னு) ஒரு வார்த்தை ஏறிடும், ரிலீவிங் லெட்டர் வராது, மூணாவது கம்பெனி போறப்போ பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்காரன் இந்த கம்பெனிக்கு ஃபோன் பண்ணுவான், அப்போ மாட்டும். உடம்பு முடியலை, டார்ச்சர் தாங்கலைன்னா கூட ரெண்டு வரி மெயில் போட்டுட்டு, நோட்டீஸ் பணத்தை செட்டில்மென்ட்ல (கடைசிக் கணக்குல) கழிச்சுக்கங்கன்னு எழுதிட்டு போங்க. அந்த ரெண்டு வரி இருந்தா நீங்க ரிசைன் பண்ணவர், இல்லைன்னா ஓடிப்போனவர்.

கேள்வி: அக்கா, நான் சேர்ந்து 4 வருஷம் 7 மாசம் ஆகுது. கிராஜுவிட்டி (பணிக்கொடை) வருமா?

பதில்: இது நல்ல கேள்வி, இதுல அவசரப்பட்டு காசை விட்டவங்க ஜாஸ்தி. சட்டத்துல நிரந்தர வேலைக்கு 5 வருஷம். ஆனா அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா அது முழு வருஷம்தான்னு மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, வாரம் 6 நாள் ஓடுற இடத்துக்கு அந்தக் கணக்கு. அப்படியும் சில கம்பெனி 5 வருஷம் முடியட்டும்னு முரண்டு பிடிக்கும். உங்களுக்கு வழி ரொம்ப சிம்பிள், நோட்டீஸ் ஓடுற நாளும் சர்வீஸ்லதான் சேரும், அதனால கடைசி நாள் 5 வருஷத்தைத் தாண்டி விழுற மாதிரி காலண்டரை வச்சு பின்னாடியிலேர்ந்து எண்ணி மெயில் போடுற தேதியை முடிவு பண்ணுங்க. 90 நாள் நோட்டீஸ்னா இன்னும் ரெண்டு மாசமும் ஒரு வாரமும் பொறுத்தாலே தாண்டிடுவீங்க. பை-அவுட் பண்ணி சீக்கிரம் போனா அந்த நாள் கணக்குல வராது, பார்த்துக்கங்க.

எவ்வளவுன்னா, கடைசி பேசிக்கையும் டிஏவையும் (அகவிலைப்படி) கூட்டி, 2025 நவம்பர்ல வந்த புது லேபர் கோடுப்படி அது மொத்த சம்பளத்துல பாதிக்குக் கீழ இருந்தா அந்தப் பாதியை எடுத்து, 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி வருஷத்தால பெருக்கணும். பேசிக் 26,000ன்னா வருஷத்துக்கு 15,000, அஞ்சு வருஷத்துக்கு 75,000. ரெண்டு மாசம் பொறுக்கறதுக்கு இது போதும்ல?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனிங்க, செக்கிங்ல இருக்கேன், மாசம் 14,000. தீபாவளிக்கு முன்னாடி வேலையை விட்டா போனஸ் போயிடும்னு எல்லாரும் சொல்றாங்க, அதான் இழுத்துட்டு இருக்கேன்.

பதில்: உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தான் நினைக்கறாங்க, ஓனருங்களும் திருத்தறதில்ல. போனஸ் தீபாவளிக்காக இல்லமா, போன ஏப்ரல்லேர்ந்து மார்ச் வரைக்கும் நீங்க பார்த்த வேலைக்கு. அந்த வருஷத்துல 30 நாள் வேலை பார்த்திருந்தா, சம்பளம் 21,000க்குள்ள இருந்தா, குறைஞ்சது 8.33 சதவீதம் உங்களுக்கு வரணும், நடுவுல விட்டுட்டாலும் வரணும். சட்டம் அப்படி. நடைமுறை எப்படின்னா வெளிய போனவங்களுக்கு கூப்பிட்டு குடுக்கற ஓனர் ரொம்ப கம்மி, நீங்கதான் போய் கேட்கணும், தரலைன்னா தொழிலாளர் துறை ஆபீஸ்ல மனு. அலைய முடியாதுன்னா தீபாவளி வரைக்கும் இருந்து வாங்கிட்டே போங்க, அதுல தப்பே இல்ல. பிஎஃப், ஈஎஸ்ஐ நம்பரை மட்டும் எழுதி வச்சுக்கங்க.

கேள்வி: கடையில வேலை, அப்பாயின்ட்மென்ட் லெட்டரே கிடையாது, நோட்டீஸ் எவ்வளவு?

பதில்: ஆறு மாசத்துக்கு மேல இருக்கறவரை ஓனர் அனுப்பணும்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லணும்னு தமிழ்நாடு கடைகள் சட்டம் சொல்லுது. நீங்களும் அதே ஒரு மாசம் குடுங்க, வாட்ஸ்அப்ல போடுங்க, நேர்லயும் சொல்லுங்க. ஆடித் தள்ளுபடிக்கு முந்தின நாள் போய் சொன்னா எந்த முதலாளிக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.

கேள்வி: மேடம், கோயம்புத்தூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல அசிஸ்டன்ட் புரொஃபசர். சேரும்போதே ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டாங்க. செமஸ்டர் நடுவுல விட்டா மூணு மாச சம்பளம் கட்டினாதான் தருவாங்களாம்.

பதில்: இதைக் கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வரும். சர்ட்டிஃபிகேட் அடகு வைக்கற நகை இல்ல, பணம் பாக்கின்னு சொல்லி அதைப் பிடிச்சு வைக்க உரிமை கிடையாது, பாக்கி இருந்தா தனியா கேஸ் போட்டு வாங்கட்டும். முதல்ல வெரிஃபிகேஷன்னு ஒரு காரணம் சொல்லி எழுத்துல கேளுங்க, பாதி பேருக்கு அதுலயே கிடைச்சுடும். தரலைன்னா வக்கீல் நோட்டீஸ்.

ஆனா பணம் வேற விஷயம். இத்தனை வருஷம் இருப்பேன், இல்லைன்னா பணம் கட்டறேன்னு எழுதிக் குடுக்கற பாண்ட் செல்லவே செல்லாதுன்னு யூடியூப்ல சொல்றதை நம்பாதீங்க. 3 வருஷத்துக்குள்ள விட்டா 2 லட்சம்னு ஒரு பொதுத்துறை வங்கி போட்ட பாண்டை 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொல்லிடுச்சு. தொகை நியாயமா இருக்கா, ஆள் எடுக்க அவங்களுக்கு நிஜமா செலவாகுமாங்கறதை பார்ப்பாங்க. செமஸ்டர் முடியற தேதியில கடைசி நாள் வர்ற மாதிரி குடுத்தீங்கன்னா இந்த சண்டையே வராது, பிள்ளைங்களுக்கும் நல்லது.

கேள்வி: சிங்கப்பூர்ல எஸ் பாஸ்ங்கற வேலை பெர்மிட்ல இருக்கேன் அக்கா, நோட்டீஸ் குடுத்தவுடனே இந்த மாச சம்பளத்தை நிறுத்திட்டாங்க! இது அநியாயம் இல்லையா?

பதில்: அநியாயம் இல்ல தம்பி, டாக்ஸ் கிளியரன்ஸ். வெளிநாட்டுக்காரர் வேலையை விட்டா கம்பெனி ஐஆர்21 ஃபார்ம் போடணும், அதுவரைக்கும் குடுக்க வேண்டிய பணத்தை எல்லாம் பிடிச்சு வைக்கணும்னு அங்க சட்டம். டாக்ஸ் கழிச்சு மீதி வந்துரும். அதனால அங்க இருக்கறவங்க பேப்பர் போடறதுக்கு முன்னாடி ஒரு மாச வாடகையும் சாப்பாட்டுக் காசும் கையில வச்சுக்கங்க. ஒப்பந்தத்துல நோட்டீஸ் எழுதலைன்னா 26 வாரத்துக்குள்ள 1 நாள், 2 வருஷத்துக்குள்ள 1 வாரம், 5 வருஷத்துக்குள்ள 2 வாரம், அதுக்கு மேல 4 வாரம்.

துபாய்ல நோட்டீஸ் எத்தனை நாள்னு கேட்டவருக்கும் பதில் இங்கயே. புரொபேஷன்ல விட்டு ஊருக்கு வர்றதா இருந்தா 14 நாள், அங்கயே வேற கம்பெனிக்கு மாறினா ஒரு மாசம். புரொபேஷன் முடிஞ்சா 30லேர்ந்து 90 நாள், ஒப்பந்தத்துல இருக்கறது.

கேள்வி: ரிசைன் பண்ணிட்டேன், இப்போ மனசு மாறிடுச்சு. வாபஸ் வாங்கலாமா? சம்பளம் ஏத்தித் தர்றதாவும் சொல்றாங்க.

பதில்: கடைசி நாள் வர்றதுக்குள்ள வாபஸ் கேட்கலாம், கம்பெனி ஏற்கெனவே அக்செப்ட் பண்ணி எழுதிக் குடுத்திருந்தா அவங்க தயவு. ஏத்தித் தர்றதைப் பத்தி என் கருத்து மட்டும், சட்டம் இல்ல. போறேன்னு சொன்னாதான் உங்க விலை அவங்களுக்குத் தெரியுதுன்னா, ஏன் போக நினைச்சீங்கங்கறதை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. அதுல சம்பளம் மட்டும்தான் இருந்தா இருங்க. மேனேஜர் பேரும் இருந்தா கிளம்புங்க.

கேள்வி: விஏஓவா இருக்கேன், இப்போ மத்திய அரசு வேலை கிடைச்சிருக்கு. மூணு வரியில ராஜினாமா எழுதிக் குடுத்துடலாமா?

பதில்: வேணாம் வேணாம். பிரைவேட் மாதிரி நினைச்சு வெறும் ராஜினாமா குடுத்தீங்கன்னா பழைய சர்வீஸ் அத்தனையும் போயிடும். விண்ணப்பிக்கும்போதே டிபார்ட்மென்ட் வழியா, என்ஓசியோட (தடையில்லாச் சான்று) போயிருக்கணும், இப்போ டெக்னிக்கல் ரெசிக்னேஷன்னு அந்த வார்த்தையை போட்டு, புது வேலையில சேர்றதுக்காகன்னு எழுதி, ரிலீவிங் ஆர்டர்லயும் அது வருதான்னு பார்த்து வாங்கணும். ஆபீஸ்ல எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷன் பார்க்கறவர்கிட்ட உக்காந்து பேசிட்டு அப்புறம் பேனாவை எடுங்க.

கேள்வி: வெளிய வந்து 40 நாள் ஆச்சு, செட்டில்மென்ட் வரல. பிஎஃப்லயும் எக்ஸிட் டேட் (வேலையை விட்ட தேதி) போடல.

பதில்: புது லேபர் கோடு 2025 நவம்பர் 21லேர்ந்து அமல்ல இருக்கு, அதுப்படி சம்பள பாக்கியை ரெண்டு வேலை நாள்ல குடுக்கணும். 45 நாள் எங்க பாலிசின்னு சொன்னா இதை சொல்லி மெயில் போடுங்க, மெயில்ல சட்டத்தைப் பார்த்தா அக்கவுன்ட்ஸ்ல வேகம் தனி. எக்ஸிட் டேட்டுக்கு கம்பெனியை கெஞ்ச வேணாம், கடைசி பிஎஃப் கட்டி 2 மாசம் ஆனப்புறம் பிஎஃப்போட யுஏஎன் போர்ட்டல்ல நீங்களே போட்டுக்கலாம். பணத்தை எடுக்காதீங்க, டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க, 5 வருஷத்துக்குள்ள எடுத்தா டாக்ஸ் பிடிப்பாங்க.

கேள்வி: அம்மாவுக்கு டயாலிசிஸ் போகுது, கம்பெனி இன்சூரன்ஸ்லதான். நோட்டீஸ் முடியற வரைக்கும் இருக்கும்ல?

பதில்: அதுவரைக்கும் இருக்கும், ஆனா பெரும்பாலான கம்பெனியில கடைசி வேலை நாளோட நின்னுடும். அதனால நடுவுல ஒரு நாள் கூட இடைவெளி விடாதீங்க, வெள்ளி இங்க முடிஞ்சு திங்கள் அங்க சேர்றதா இருந்தா அந்த ரெண்டு நாளை மனசுல வச்சு புது கம்பெனியில பேரன்ட்ஸ் கவர் முதல் நாள்லேர்ந்து உண்டா, ஏற்கெனவே இருக்கற நோய்க்கும் உண்டான்னு எழுத்துல கேளுங்க. இல்லைன்னா நோட்டீஸ் ஓடும்போதே அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனி பாலிசியா மாத்த முடியுமான்னு கேட்டு வைங்க. உங்க கேஸ்ல சம்பளத்தை விட இதைத்தான் முதல்ல பேசணும்மா.

கேள்வி: கடைசி நாள் ட்ரீட் யார் குடுக்கணும் அக்கா, நானா டீமா?

பதில்: செட்டில்மென்ட் இன்னும் வரல இல்ல? அப்போ டீம்தான்.