கேள்வி - பதில்: ரோட்ஸ் தீவில் ரால்ஃப் பஞ்ச்

கேள்வி: 1948-இல் மூண்ட அரபு-இஸ்ரேல் போரை நிறுத்தும் ஒப்பந்தத்தில், 1949-இல் எகிப்தையும் இஸ்ரேலையும் ஐ.நா. அதிகாரி ரால்ஃப் பஞ்ச் எப்படிக் கையெழுத்துப் போட வைத்தார்?

பதில்: 1948 செப்டம்பர் 17-இல் ஐ.நா. சமரசத் தூதர் பெர்னடாட் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குத் துணையாக இருந்த பஞ்ச் அந்தப் பொறுப்பை ஏற்றார். கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவில் 1949 ஜனவரி 13-இல் பேச்சு தொடங்கியது. இரு தரப்புக்கும் ஒரே ஹோட்டல்தான்.

முதலில் ஒவ்வொரு தரப்போடும் தனித்தனியாகப் பேசினார். பிறகு இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து, எதை எதைப் பேசுவது என்ற நிகழ்ச்சி நிரலுக்கு மட்டும் ஒப்புதல் வாங்கினார். அற்ப விஷயம்போலத் தெரியும். ஆனால் எதிரியோடு சேர்ந்து ஒரு தாளில் கையெழுத்திடக் கை பழகிவிட்டால், அடுத்த தாளுக்கு அவ்வளவு தயக்கம் இருக்காது என்பது அவர் கணக்கு. அவருடைய திறமையை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

பெரிய முட்டுக்கட்டை பாலஸ்தீனத்தில் இருந்த ஃபலூஜா என்ற ஊர். அங்கே சுமார் 4,000 எகிப்தியப் படையினர் இஸ்ரேலியப் படையின் முற்றுகையில் சிக்கியிருந்தார்கள். பிற்காலத்தில் எகிப்து அதிபரான நாசரும் அவர்களில் ஒருவர். அவர்களை வெளியேற விடுவது, எல்லையோர அல் அவுஜாவில் படை எதுவும் இல்லாமல் வைப்பது, தகராறுகளை விசாரிக்கத் தரப்புக்கு மூவரும் ஐ.நா. தலைவர் ஒருவருமாக ஏழு பேர் குழு அமைப்பது என்று ஒவ்வொன்றாக முடித்து, பிப்ரவரி 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. லெபனான், ஜோர்டான், சிரியா பின்தொடர்ந்தன. ஜூலை 20-இல் சிரியாவோடு வேலை முடிந்தது. ஈராக் கையெழுத்திடவில்லை. 1950-இல் பஞ்சுக்கு அமைதி நோபல் கிடைத்தது.

கேள்வி: இரு படைகளையும் பிரிக்க ஒப்பந்தம் வகுத்த போர்நிறுத்தக் கோடுதான் நாட்டு எல்லையா?

பதில்: இல்லை. எந்த அர்த்தத்திலும் இதை அரசியல் எல்லையாகவோ நிலப்பரப்பு எல்லையாகவோ கொள்ளக்கூடாது என்று எகிப்து ஒப்பந்தமே சொல்கிறது. அந்த வாசகம் இல்லாவிட்டால் எகிப்து ஒப்புக்கொண்டிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆனால் இறுதிச் சமாதானம் தள்ளிப்போனதால், தற்காலிகக் கோடே பல ஆண்டுகள் எல்லைபோல் நின்றுவிட்டது.

கேள்வி: கறுப்பின அமெரிக்கரான பஞ்சைத் தேடி அமெரிக்க அரசில் பெரிய பதவி வந்ததாமே?

பதில்: ஆமாம். 1949-இல் அதிபர் ட்ரூமன் வெளியுறவுத் துறையில் துணைச் செயலாளர் பதவி தர முன்வந்தார். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி என்றிருந்த வாஷிங்டனில் மறுபடி குடும்பத்தோடு வாழ மனமில்லாமல் பஞ்ச் மறுத்துவிட்டார். 1971 வரை ஐ.நா.விலேயே இருந்தார்.