கேள்வி பதில்: டென்மார்க்கின் பழைய பாணி ஆப்பிள் கேக்

கேள்வி: ஓவனை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும்?

ஓவனே வேண்டாம். பெயரில்தான் கேக். ஆப்பிள் மசியல், வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள், மேலே அடித்த க்ரீம், உச்சியில் ரெட்கரண்ட் என்ற சிறு சிவப்புப் பழத்தின் ஜெல்லி கொஞ்சம். கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கினால் முடிந்தது.

கேள்வி: எந்த ஆப்பிள்?

புளிப்பானது. அங்கே போஸ்கோப் என்ற வகையைப் போடுவார்கள். 2005-ல் தேசிய ஆப்பிளாக அறிவிக்கப்பட்ட க்ரோஸ்டேனும் நன்றாக இருக்கும். ஒரு கிலோவைத் தோல் சீவி, மூன்று ஸ்பூன் தண்ணீர் விட்டு, மூடி சிறுதீயில் குழைய விடுங்கள். சர்க்கரை கடைசியில், ருசி பார்த்து. இனிப்பு ஆப்பிள்தான் கிடைத்ததா? எலுமிச்சை பிழியுங்கள்.

கேள்வி: ரொட்டித்தூள் கருகிவிடுகிறதே?

எல்லாருக்கும் சறுக்கும் இடம் இது. 50 கிராம் வெண்ணெய் உருகியதும் 150 கிராம் தூள், 75 கிராம் சர்க்கரை. கை எடுக்காமல் கிளறுங்கள். முதலில் ஈர மணல் மாதிரி கட்டியாக இருக்கும். பிறகு உதிரும், நிறம் மாறும், வறுத்த முந்திரி வாசம் வரும். அந்த வாசம் வந்ததுமே தட்டில் கொட்டிவிடுங்கள். அடுப்பை அணைத்தாலும் வாணலிச் சூடு விடாது. அப்புறம், சூட்டோடு அடுக்காதீர்கள். க்ரீம் உருகி ஓடும்.

கேள்வி: ஓவன் இல்லாதவர்கள் என்ன செய்வது?

முதல் பதில்.

கேள்வி: தூள் தவறு. மக்ரோன் பிஸ்கட்டை நொறுக்கிப் போடுவதுதான் அசல்.

டென்மார்க்கில் இரண்டும் உண்டு. எனக்கு மக்ரோன் திகட்டும்.

கேள்வி: இரண்டும் இல்லை. ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டிதான்!

அதற்குப் பெயரே வேறு: 'முக்காடு போட்ட குடியானவப் பெண்'. க்ரீம்தான் முக்காடு. நார்வேக்காரர்களும் கிட்டத்தட்ட அதே பெயரில் செய்கிறார்கள். காய்ந்த ரை ரொட்டியை வீணாக்காமல் சர்க்கரையோடு வறுத்துப் போடுவது. கருப்பான, லேசான புளிப்புள்ள தூள். ஆப்பிளோடு நன்றாகச் சேரும். ருசியில் இதுவே மேல் என்பேன். ஆனால் இதைக் காட்டி அது போலி என்றால் ஒப்ப மாட்டேன்.

கேள்வி: முட்டை இல்லாமல் செய்யலாமா?

இதில் முட்டையே கிடையாது. மக்ரோன் போட்டால் மட்டும் கவனம், அதில் வெள்ளைக்கரு உண்டு.

கேள்வி: முதல் நாளே செய்து வைக்கலாமா?

மசியலைச் செய்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், தூளை டப்பாவில். அடுக்குவது பரிமாறும்போது. மறுபடி சொல்கிறேன், சூட்டோடு அடுக்காதீர்கள்.

கேள்வி: 180 டிகிரி போதுமா?

ஐயா!